கொப்பரைக்காரர்

என்ன பழுது என்று அவர் ஒருதரம்கூடக் கேட்டு நான் அறியேன். "ஆர் கை வைச்சது?" என்றுதான் கேட்பார். குசினி பல்ப் எரிந்துபோனால் ஆர் கை வைச்சது. ஃபிரிட்ஜில் பால் திரைந்தால் ஆர் கை வைச்சது. ஒருமுறை நகரத்தில் எங்கோ குண்டு வெடித்து, எங்கள் ஒழுங்கை வரைக்கும் ஜன்னல்கள் அதிர்ந்தன. முன்விறாந்தைக் கண்ணாடி ஒன்று கீறிப்போயிற்று. எத்தனை பேர் செத்தார்களோ, யாரைப் பிடிக்கப் போகிறார்களோ என்று நாங்கள் ரேடியோவைச் சுற்றிக் குந்தியிருக்க, அவர் ஜன்னல் கொளுக்கியை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். "இதைக் கொளுவாமல் விட்டது ஆர்?" என்றார். பகிடி இல்லை. பதில் கிடைக்காததால் அன்று முழுவதும் எங்களோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

அவர் எங்களுக்கு அறை வாடகைக்குத் தந்த வீட்டுக்காரர். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில் அவருடைய வீடு. பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் அவருடைய பிள்ளைகளில் யாராவது வாசித்துவிட்டு, இதை ஆர் எழுதினது என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி அவர்கள் குடும்பச் சொத்து. அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒழுங்கையில் அவரை இஞ்சினியர் ஐயா என்பார்கள். அவர் பார்த்த உத்தியோகம் இஞ்சினியருக்குப் பக்கத்து மேசை. ஆனால் சட்டைப் பையில் எந்நேரமும் கரண்ட் வருகிறதா என்று பார்க்கிற ஒரு டெஸ்டர் குத்தியிருக்கும், மற்றவர்கள் பேனை குத்துவது போல.

மேல்மாடியில் கனடா விசாவுக்குக் காத்திருந்த ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். பின்பக்க அறையில் நானும் என் கணவரும். எங்களுக்குக் கலியாணமான புதிது. கணவரை நான் 'இவர்' என்றே எழுதுகிறேன், நாவுக்கு அதுதான் பழக்கம். இவர் புறக்கோட்டையில் ஓர் இரும்புக் கடையில் கணக்கு எழுதினார். வீட்டுக்காரரை எல்லோரும் அங்கிள் என்று கூப்பிடுவோம். முகத்துக்கு முன்னால் அங்கிள். முதுகுக்குப் பின்னால் கொப்பரைக்காரர். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

அதற்கு முதல் ஒரு விஷயம். அந்த நாட்களில் வடக்கில் பிறந்தவர்களுக்குக் கொழும்பில் வீட்டுக்காரர் என்றால் வாடகை வாங்குகிறவர் மட்டுமில்லை. இன்ன வீட்டில் இருக்கிறோம் என்று பொலிசில் பதியப் போகும்போது கூட வருகிறவர் அவர். சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனால், "இவர் என்ரை வீட்டிலை இருக்கிறவர், நல்லவர்" என்று வந்து சொல்ல வேண்டியவரும் அவர்தான். வீட்டுக்காரர் வந்து சொன்னால் பின்னேரமே விட்டுவிடுவார்கள். சொல்லாவிட்டால் ஆள் உள்ளே. அந்த ஒரு வசனத்துக்காகத்தான் அவருடைய மற்ற வசனங்களை எல்லாம் நாங்கள் பொறுத்துக்கொண்டோம்.

வெளிநாட்டுக்காரர்கள் கொழும்பு வீடுகளைக் காலி பண்ணிக்கொண்டு போன காலம் அது. போகும்போது கட்டிலில் இருந்து கரண்டி வரைக்கும் வீட்டு வாசலில் வைத்து விற்றுவிட்டுப் போவார்கள். அப்படி ஒரு விற்பனைக்கு, நல்ல தையல் மெஷின் கிடந்தால் வாங்கி வரும்படி அன்ரி, அதாவது அவருடைய மனைவி, அவரை அனுப்பினார். அவர் ஒரு லொறியோடு வந்தார். லொறியில், ஆறு பேர் சுற்றியிருந்து குளிக்கக்கூடிய ஒரு தொட்டி. உள்ளே நீலப் பிளாஸ்டிக், வெளியே மரப்பலகை, அடியில் மோட்டரும் ஹீட்டரும். தண்ணீரைத் தானே சூடாக்கி, பக்கத்து ஓட்டைகளால் நுரைக்க நுரைக்க அடிக்குமாம். "ஹொட் டப்" என்றார். முதுகு உளைவுக்கு நல்லதாம். வெயிலில் வைத்த வாளித் தண்ணீரே கையைச் சுடுகிற ஊரில், கரண்ட் செலவழித்துச் சுடவைத்துக் குளிக்க ஒரு தொட்டி. அன்ரி உள்ளே போய்விட்டார்.

தொட்டி கேற்றுக்குள்ளால் நுழையவில்லை. மதிலை உடைத்துத்தான் கொண்டுவந்தார்கள். கேற்றை ஒடுக்கமாகக் கட்டிய மேசனை அவர் அன்று திட்டிய திட்டு கடற்கரை வரைக்கும் கேட்டிருக்கும். கேற்றுக்கு அளவு கொடுத்தது அவர்தான். மேசன் செத்துப் பல வருஷம் என்று அன்ரி பிறகு என்னிடம் சொன்னார்.

பின்வளவில் தகரக் கொட்டில் போட்டுத் தொட்டியை வைத்தார். எங்கள் அறை ஜன்னலைத் திறந்தால் அதுதான் காட்சி. அவர் தொட்டி நிரப்புகிற நாளில் எங்கள் குழாயில் காற்றுத்தான் வரும். அதையும் பொறுத்துக்கொண்டோம்.

ஆறு பேருக்கான தொட்டியில் அவர் ஒருவர்தான் இறங்குவார். இறங்குவது சனிக்கிழமைகளில். எங்கள் ஆட்களுக்குச் சனிக்கிழமை என்றால் தலைக்கு எண்ணெய் வைத்து முழுகுகிற நாள் அல்லவா. அவர் அந்த முழுக்கை அப்படியே தொட்டிக்குள் கொண்டுபோனார். காய்ச்சிய நல்லெண்ணெயை உச்சியில் இருந்து உள்ளங்கால் வரைக்கும் வழியவழியத் தேய்த்துக்கொண்டு, கொட்டிலுக்குள் கொஞ்சம் உலாவுவார். பிறகு சுடுதண்ணீருக்குள் இறங்கிவிடுவார். இறங்கிய பிறகு அரப்பு, வெந்தயம், அவித்த தேசிக்காய் எல்லாம் கோப்பை கோப்பையாகப் போகும். மோட்டரைப் போட்டதும் மண்ணிற நுரை அவருடைய கழுத்துவரை எழும்பும். நரகத்தில் எண்ணெய்க் கொப்பரையில் போடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். தானாக விரும்பி இறங்கினவரை அங்கேதான் கண்டோம். "அங்கிள் அவியிறார்" என்று மேல்மாடிப் பிள்ளை என் காதுக்குள் சொல்லும். கொப்பரைக்காரர் என்று பெயர் வைத்ததும் அந்தப் பிள்ளைதான்.

சூடாக்கின தண்ணீரை ஊற்றிவிட மனம் வராது. அதே தண்ணீர் அடுத்த சனி வரைக்கும் கிடக்கும்.

இப்படிச் செய்தால் எந்தத் தொட்டிதான் வேலை செய்யும்? தண்ணீர் சுற்றி வரும்போது ஒரு பில்டருக்குள்ளால் போக வேண்டும். மடித்து மடித்துச் சுருட்டிய தடித்த கடதாசி போன்ற ஒரு சாமான் அது. எண்ணெயும் அரப்பும் அதில் அப்பிக்கொண்டால் தண்ணீர் ஓடாது. தண்ணீர் ஓடாவிட்டால், எரிந்துபோகாமல் இருப்பதற்காக ஹீட்டர் தானாக நின்றுவிடும். அவ்வளவுதான் விஷயம். இதை அறிய இஞ்சினியர் வேண்டாம், பக்கத்து மேசையும் வேண்டாம். தொட்டி வந்த இரண்டாம் மாதமே தண்ணீர் சுடுவது நின்றது.

அவர் பழுது பார்த்த விதத்தைச் சொல்ல வேண்டும். தொட்டியைத் திறக்கவில்லை. எங்களைத் திறந்தார். டெஸ்டரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார். மேல்மாடித் தாயிடம், அவர் சனிக்கிழமை அயன் பண்ணினாரா என்று கேட்டார். அயன் பண்ணினால் கரண்ட் குறைந்து ஹீட்டர் களைத்துப்போகுமாம். மகளிடம், கொட்டில் பக்கம் போய் எதையாவது அமத்தினாயா என்று கேட்டார். என்னிடம், தொட்டிக்குப் பக்கத்தில் உடுப்புக் காயப்போடுகிறபடியால் ஈரம் வயருக்குள் போகிறதோ என்றார். அன்ரி மட்டும் ஒருநாள் துணிந்து, "எண்ணெயை வெளியிலை கழுவிப்போட்டு இறங்கினால் என்னப்பா?" என்று கேட்டார். அவர் அன்ரியைப் பார்த்த பார்வையில் பால் திரைந்திருக்கும்.

பிறகு ஹொட்டேல் ஒன்றில் இப்படியான தொட்டிகளைப் பார்க்கிற சிங்கள மெக்கானிக் ஒருவரைக் கூட்டிவந்தார். அந்த மனுஷன் சொன்ன நாளுக்கு வராமல் வேறொரு நாள் வந்து, எங்கள் வாளியை மிதித்து உடைத்து, பில்டரை இழுத்து எடுத்தார். கறுத்த களி வழிந்தது. ஒரு விரலால் வழித்து முகர்ந்துவிட்டு, "தெல்" என்றார். எண்ணெய். "மோட்டர் எண்ணெயோ?" என்று அங்கிள் சிங்களத்தில் கேட்டார். மெக்கானிக் அங்கிளுடைய தலையைக் காட்டினார். நாங்கள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டோம். இவர் மட்டும் சத்தமாகச் சிரித்துவிட்டார்.

அங்கிள் பில்டரைப் பறித்து, கழுவாமலே திருப்பிச் செருகச் சொல்லி, மெக்கானிக்கை அனுப்பிவிட்டார். "முழுக்கு எண்டால் என்னெண்டு தெரியாத ஆக்கள். இவங்களுக்கு எண்ணெயிலைதான் கண்" என்றார். ஆனால் சொல்லும்போது என் கணவரைத்தான் பார்த்தார்.

இவருக்கு அந்தச் சிரிப்பு உறுத்திக்கொண்டே இருந்தது. வயதான மனுஷனைப் பார்த்துச் சபையில் சிரித்துவிட்டேன் என்று வருந்தினார். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறையன்று அங்கிளும் அன்ரியும் ஹெவ்லொக் டவுனில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தார்கள். இவர் பில்டரைக் கழற்றி, சுடுதண்ணீரும் சவர்க்காரத் தூளும் போட்டு ஊறவைத்து, பகல் முழுக்கக் கழுவிப் பூட்டினார். பின்னேரம் தொட்டியில் ஆவி பறந்தது. கலியாண உடுப்போடே அங்கிள் கையை விட்டுப் பார்த்தார். சந்தோஷத்தில் இன்னொரு தரம் முழங்கைவரை விட்டுப் பார்த்தார்.

"ஆர் கை வைச்சது?" என்றார் கடைசியில்.

"நான்தான் அங்கிள். பில்டரை எடுத்துக் கழுவினனான்" என்றார் இவர், நன்றி வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டு.

அந்தச் சனி மறுபடியும் நல்லெண்ணெய், மறுபடியும் அரப்பு. சில நாளில் தண்ணீர் மறுபடியும் ஆறிப்போயிற்று. ஆனால் இந்த முறை அவர் டெஸ்டரோடு அறை அறையாகத் திரியவில்லை. விடை கையில் இருந்தது. "நல்லாக்கத் தெரிஞ்சவனுக்குத்தானே கெடுக்கவும் தெரியும். நானில்லாத நேரம் பார்த்துக் கழட்டியிருக்கிறான். வயரிலையும் கை வைச்சிட்டான்" என்று அன்ரியிடம் சொன்னார். ஒழுங்கை முடக்கில் இருந்த கடையில் சொன்னார். கோயில் வாசலில் சொன்னார். லண்டனில் இருந்த மகனுக்குத் தொலைபேசியில் கத்திச் சொன்னார். இவர் ஒரு வயரையும் தொட்டதில்லை. கரண்ட் என்றால் இவருக்கு நடுக்கம். எங்கள் அறையில் பல்ப் மாற்றுவது நான்தான்.

வேறு வீடு பார்ப்போம் என்றேன். இந்த நேரத்தில் புதிதாகப் பதிய அலைய முடியாது, அங்கிள் வாயால் சொல்கிறாரே தவிர ஆள் கூடாதவரில்லை என்றார் இவர்.

ஒருநாள் விடியற்புறம் ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். பதிவுத் துண்டு, அடையாள அட்டை எல்லாம் இருந்தும், பிறந்த இடத்தைப் பார்த்துவிட்டு இவரை லொறியில் ஏற்றினார்கள். ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் அப்படித்தான், ஒருவர் இரண்டு பேர். நான் ஓடிப்போய் அங்கிளின் கதவைத் தட்டினேன்.

உடனே வந்தார். அதை மறைக்க மாட்டேன். வேறு வீட்டுக்காரர்கள் சிலர் உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொல்வித்த காலத்தில், அவர் நீளக் காற்சட்டையும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு என்னோடு ஆட்டோவில் ஏறினார். வழியில் ஆறுதல் சொல்வார் என்று பார்த்தேன். "தண்ணி இப்ப பச்சையா வருது பிள்ளை" என்றார்.

அந்தப் பொலிஸ் நிலையத்தின் பெயரும் வேண்டாம். வாசல் நிறையப் பெண்கள், பக்கத்தில் அவரவர் வீட்டுக்காரர்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். வீட்டுக்காரர் போய் ஒரு வசனம் சொல்வார், கையெழுத்து வைப்பார், ஆள் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே வருவார். எங்கள் முறை வந்தது. இவர் பின்னால் மர வாங்கில் இருந்தபடி என்னைப் பார்த்து, பயப்படாதே என்று தலையை ஆட்டினார்.

எனக்குச் சிங்களம் தெரியாது. அங்கிளுக்குத் தன் சிங்களத்தில் பெரிய பெருமை. அதிகாரி மரியாதையான ஆள், கதிரை கொடுத்தார். அங்கிள் தொடங்கினார். 'ஹொந்த' என்ற சொல் காதில் விழுந்தது, அதற்கு நல்லது என்று அர்த்தம் என்பது எனக்குத் தெரியும். மூச்சு வந்தது. அதிகாரி பேனையை எடுத்துக்கொண்டு ஏதோ கேட்டார். வேறு ஏதும் குறை உண்டா என்று வழக்கமாகக் கேட்கிற கேள்விதான் என்று பிறகு அறிந்தேன். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

அங்கிள் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டார். 'வயர்' என்றார். 'கரண்ட்' என்றார். 'மெஷின்' என்றார். தொட்டி என்பதற்கு அவருடைய சிங்களத்தில் சொல் இருக்கவில்லை. இரண்டு கையாலும் வயர் முறுக்கிக் காட்டினார். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு என் கணவரை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வைக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

நான் அங்கிளின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "அங்கிள், அது குளிக்கிற தொட்டி எண்டு சொல்லுங்கோ. பில்டரைத்தான் கழுவினவர் எண்டு சொல்லுங்கோ."

"நீர் சும்மா இரும் பிள்ளை. நான் வடிவா விளங்கப்படுத்திறன்."

அதிகாரி கேட்கக் கேட்க அவர் உற்சாகமாகச் சொன்னார், என்ன சொன்னார் என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வீட்டில் ஆளில்லாத நேரம். விடுமுறை நாள். பின்வளவு. கழற்றினான், பூட்டினான், எவருக்கும் சொல்லவில்லை. வாழ்நாள் முழுவதும் ஆர் கை வைச்சது என்று கேட்டுக்கொண்டிருந்த மனுஷனுக்கு, கடைசியில் அரசாங்கமே பேனையோடு இருந்து அந்தக் கேள்வியைக் கேட்டது. அந்தச் சந்தோஷத்தை முகத்தில் பார்த்தேன். அவரை நான் மன்னிக்காதது அந்த முகத்துக்காகத்தான். காட்டிக்கொடுக்கிறவன் என்றால் வெறுத்துவிட்டுப் போகலாம். அங்கிள் அதற்கும் லாயக்கில்லை. தன்னுடைய தொட்டியைத் தவிர உலகத்தில் வேறு பழுது இல்லை என்று நம்பின ஆள்.

வரும் வழியில், "விளங்கியிருக்கும். பின்னேரம் விட்டிடுவினம்" என்றார். பின்னேரம் விடவில்லை. தடுப்பு உத்தரவு எடுத்து, தெற்கே ஒரு சிறைக்கு அனுப்பினார்கள்.

மறுநாள் வீட்டைச் சோதிக்க வந்தவர்கள் தொட்டிக்கு அடியில் இருந்த கரண்ட் பெட்டியை, வயர்களோடு அப்படியே கழற்றிக்கொண்டு போனார்கள். அங்கிளின் டெஸ்டரையும் கொண்டுபோனார்கள். "பார்த்தீரே, உம்மட மனுசனாலை எனக்கு வந்த கரைச்சலை" என்று என்னிடம் சொன்னார். சில கிழமைகளில், ஒன்றுமில்லை என்று பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். மனுஷனைத் திருப்பித் தரவில்லை.

"குறை நினையாதையும் பிள்ளை, மேல்மாடி ஆக்கள் பயப்படினம்" என்று சொல்லி என்னையும் வீட்டை விட்டு எழுப்பினார். மேல்மாடிப் பிள்ளை என்னைக் கட்டிப்பிடித்து அழுதது. நான் கொட்டாஞ்சேனையில் ஒரு கத்தோலிக்க அம்மாவின் வீட்டில் அறை எடுத்தேன். அவருடைய மகனுக்குத் துறைமுகத்தில் வேலை. அந்த மகன்தான் பதிவுக்குக் கூட வந்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். செவ்வாய்க்கிழமைகளில் அந்த அம்மாவோடு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு நடந்துபோய் மெழுகுதிரி கொளுத்தினேன். நான் சைவம். அந்தோனியார் அதைப் பெரிதுபடுத்தினதாகத் தெரியவில்லை.

அடுத்த பொங்கலும் கழிந்த பிறகுதான் இவரை விட்டார்கள். வழக்கு இல்லை, குற்றம் இல்லை, போ என்றார்கள். தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கப் பழகியிருந்தார்.

எங்கள் இரும்புப் பெட்டி ஒன்று வெள்ளவத்தையில் கிடந்தது. அதை எடுக்கப் போனோம். வரவேண்டாம் என்று நான் சொல்லியும் இவர் கூட வந்தார். அன்று சனிக்கிழமை. அங்கிள் தொட்டிக்குள் இருந்தார். நெற்றியில் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது.

"வாரும் தம்பி. மெலிஞ்சு போனீர்" என்றார். எழும்பவில்லை. கொஞ்ச நேரம் இவரை ஏற இறங்கப் பார்த்தார். "இனி என்ன, எல்லாம் முடிஞ்சுது. உள்ளதைச் சொல்லும். அந்த வயரிலை கை வைச்சது நீர்தானே?"

அத்தனை மாதமும் அவருக்கென்று சேர்த்து வைத்திருந்த சொற்கள் என் தொண்டைவரை வந்துவிட்டன. இவர் என் கையைப் பிடித்தார்.

"ஓம் அங்கிள். நான்தான்" என்றார்.

அங்கிளுடைய முகம் மலர்ந்தது. "அப்பிடிச் சொல்லும். இதை அண்டைக்கே சொல்லியிருந்தால் எல்லாருக்கும் எவ்வளவு கரைச்சல் மிச்சம்" என்றார். அன்ரியைக் கூப்பிட்டு எங்களுக்குத் தேத்தண்ணி போடச் சொன்னார். நாங்கள் குடிக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

கொட்டாஞ்சேனைக்குப் போகும் பஸ்சில், "ஏனப்பா ஓமெண்டு சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

இவர் பெட்டியை மடியில் வைத்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ளுக்கையும் ஒவ்வொரு நாளும் இதைத்தான் கேட்டவங்கள். இல்லை, இல்லை எண்டு சொல்லிச் சொல்லிக் களைச்சுப் போனன். இங்கை ஓமெண்டு சொன்னால் அடி விழாது எண்டு தெரியும். அதுதான் ஒருக்கால் சொல்லிப் பார்த்தனான்" என்றார். பிறகு, "சொல்ல நல்ல சுகமா இருந்தது" என்றார்.